பாம்பாறு என்னும் அமராவதி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேச வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நமக்குக் கொடுக்கப்பட்ட பொருளோ ஓர் ஆறு. அதுவும் இம்மண்டபத்தில் இருப்போருள் பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத ஆறு. பாம்பாறு என்பது அதன் பெயர். பள்ளிச் சிறுவர்கள் மட்டும் அப்பெயரை அறிவார்கள். கேரள நாட்டில் 44 ஆறுகள் உண்டு. அவற்றுள் 41 மேற்கு நோக்கியும், கபனி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றும் கிழக்கு நோக்கியும் ஓடுகின்றன என்பது அவர்கள் மனப்பாடம் செய்யும் பாடம். தேர்வில் ஒரு மதிப்பெண் பெற்றுத் தருவதோடு பாம்பாற்றின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சிறுவர்களின் பாட்டனாரை ஒருவேளை தாராபுரத்திலோ கரூரிலோ போய்ப் பார்த்தால், அவர் வீட்டு வயலில் பாய்வது அந்தப் பாம்பாற்று நீர்தான். அவருக்கு அது பாம்பாறு என்று தெரியாது. பேரனுக்கு அது தாத்தாவின் வாய்க்கால் என்று தெரியாது. ஒரே நீர் இரண்டு பெயர்களுக்குள் இருப்பதால் வந்த வினை இது. இதைப் பற்றித்தான் இன்று சிறிது நேரம் பேச எண்ணுகிறோம்.

முதலில் நம் காலனிக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். நாம் நாள்தோறும் பார்க்கும் ஆறு கல்பாத்திப்புழை. மலம்புழை, வாளையாறு, கோரையாறு, வரட்டாறு ஆகியவை சேர்ந்தே இப்புழை ஆகின்றது. இவற்றுள் வாளை மீன் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தது, கோரைப்புல் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தது, வறட்சி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தது என்று கேட்ட மாத்திரத்தில் நமக்குத் தோன்றும். கல்பாத்தியில் தேர் ஓடும் அக்கிரகாரத்தை ஒட்டி வரும்போது அவ்வூர்ப் பெயரைப் பூண்டுகொள்கிறது. இங்கிருந்து ஷொறனூர் வண்டியில் ஏறினால் அடுத்து வரும் பறளியில் தெற்கேயிருந்து இன்னோர் ஆறு வந்து இதனோடு கூடுகிறது. கூடிய பின் பாரதப்புழை. கவிகள் அதனை நிளை என்பர். பேராறு என்றும் பெயருண்டு. ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் அது பொன்னானி ஆறு. ஓர் ஆறு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடுவதற்குள் எத்தனை பெயர் பூணுகிறது, பாருங்கள்!

பறளியில் வந்து கூடும் அந்தத் தெற்கு ஆற்றின் செய்தி இன்னும் சுவையானது. கண்ணாடி என்னும் ஊரை ஒட்டி ஓடும்போது அது கண்ணாடிப்புழை. அதற்கு மேலே சிற்றூர் வட்டத்தில் சிற்றூர்ப்புழை. அங்கே எழுத்தச்சனின் மடம் இருக்கும் கரையில் அதற்குச் சோகநாசினி என்று பெயர். துயரை அழிப்பவள் என்பது பொருள். எழுத்தச்சனே அப்பெயரை இட்டார் என்று அவ்வூரார் சொல்வர். இன்னும் மேலே போய் எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் சென்றால் அதன் பெயர் ஆழியாறு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-ஆம் ஆண்டில் இரு மாநிலங்களுக்கும் இடையே எழுதப்பட்டது. மணக்கடவு அணையில் அளந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சிற்றூர்ப் பக்கத்துக்கு விடவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.) ஒரு மாநிலத்தார் ஆழியாற்றிலிருந்து விட்டதாகக் கணக்கு எழுதுவர். மறு மாநிலத்தார் சிற்றூர்ப்புழையில் வந்ததாகக் கணக்கு எழுதுவர். அனுப்பும் நிலையத்தில் ஒரு பெயரும் சேரும் நிலையத்தில் வேறொரு பெயரும் எழுதினால் சரக்குக்கு என்ன கதி ஏற்படும் என்பது நம்மைப் போன்ற ரயில்வே எழுத்தர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நல்லவேளையாக ரயில்வேயில் நிலையத்திற்குக் குறியெழுத்து ஒன்று உண்டு. ஒலவக்கோடு என்றிருந்த நம் நிலையம் பாலக்காடு சந்திப்பு ஆகிவிட்டது. குறியெழுத்து மட்டும் பழைய ஆங்கிலப் பெயரை ஒட்டிய பி.ஜி.டி. என்றே நிற்கிறது. பெயர் எப்படி மாறினாலும் வண்டி வழி தவறுவதில்லை. ஆறுகளுக்கு அத்தகைய குறியெழுத்து எதுவும் மக்கள் வாயில் இல்லை.

இடையில் ஒரு சிறு சொல். நம் தமிழ்ச் செய்தித்தாள்கள் மலம்புழா, ஆலப்புழா என்று எழுதுகின்றன. ஆலப்புழை என்று எழுதிய தலைமுறை ஒன்று இருந்தது, அதுவே முறை. மலையாளத்தில் அகரத்தில் முடியும் மலை, தலை, விலை முதலான சொற்கள் தமிழில் ஐகாரம் பெறும். மலா, தலா என்று நாம் எழுதுவதில்லையே! புழை என்னும் சொல்லும் தமிழுக்குப் புதிதன்று. துளை, நுழைவாயில் என்ற பொருளில் நம் அகராதியிலும் அது உண்டு. நீர் புகுந்து செல்லும் வழி என்று கொண்டால் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தாம். இஃது இருக்கட்டும்.

இனிப் பாம்பாற்றுக்கு வருவோம். நம் காலனியிலிருந்து தெற்கே நோக்கினால் நெல்லியாம்பதி மலைகள் தெரிகின்றன. அவற்றுக்கும் அப்பால், ஆனைமலைத் தொடரின் மறுபுறத்தில், இடுக்கி மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது அந்த ஆற்றின் நாடு. ரயில் இல்லாத மாவட்டம் அது. நம் துறையார் மாற்றலாகிப் போக வழியே இல்லாத இடம். அதனாலும் நமக்கு அது தெரியாமல் போயிற்று போலும். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்தில் அங்கே நிற்கிறது. அவ்வட்டாரத்து மேட்டில் பெய்யும் மழையின் ஒரு பகுதி மேற்கேயும் தெற்கேயும் இறங்கிப் பெரியாற்றைச் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. மற்றொரு பகுதி வடகிழக்கே இறங்கிப் பாம்பாறாகி, காவிரியோடு கூடி, வங்கக் கடலுக்குப் போகிறது. ஒரே மேகம், ஒரே மலை. நீர் சேரும் கடல் மட்டும் இரண்டு.

ஆனைமுடிக்குத் தெற்கே மூணாறு இருப்பது அனைவர்க்கும் தெரியும். மூன்று ஆறு என்பதுதான் மூணாறு ஆயிற்று. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்றும் அங்கே கூடுகின்றன. நல்லதண்ணி என்று ஓர் ஆற்றுக்குப் பெயரிட்டவன் எவனோ, அவன் வாழ்க! தாகத்தோடு வந்து ஒரு கை நீரை அள்ளிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்ன முதற்சொல்லே ஆற்றுக்குப் பெயராக நிலைத்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம்.

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு வரும் மலைப்பாதை பாம்பாற்றுப் பள்ளத்தாக்கின் வழியேதான் இறங்குகிறது. இரவிகுளத்து மேட்டிலிருந்து வரும் லக்கம் அருவி இப்பாதையில் காணப்படும். தலையாறு என்னும் பெயரில் தேயிலைத் தோட்டம் ஒன்று மேற்பகுதியில் இருக்கிறது. ஆற்றின் தலைப்பகுதி என்பதற்கு இதனினும் பொருத்தமான சொல் வேண்டுவதில்லை. கீழே இறங்கினால் சந்தனக் காட்டுக்குப் பெயர்போன மறையூர். பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த ஊர் என்று கதை சொல்வர். அங்குள்ள கல்மேடைகளை முனியறை என்று அழைப்பர். அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். அதற்கு மேலே காந்தளூர். இவ்விரண்டோடு காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய மூன்றும் சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும். மதுரையிலிருந்து முற்காலத்தில் தப்பி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அஞ்சுநாட்டாரின் வழிவழிச் செய்தி. அவர்கள் வீட்டு மொழி தமிழ். காட்டுக்குள் வாழும் முதுவர்களும், மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்தமையால் தங்களுக்கு அப்பெயர் வந்தது என்றே சொல்கிறார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்கட்டும், ஏற்காது போகட்டும். மலையின் மறுபுறத்து மதுரையை அங்குள்ளோர் மறக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

மறையூரைக் கடந்தால் மழை குறைந்துவிடும். மேற்கே மழைக்காடு; இங்கே முட்காடு. தென்மேற்குப் பருவக்காற்றை உயர்ந்த மலை தடுத்துவிடுவதால் மலைநிழலில் அகப்பட்ட நிலம் அது. 1984-இல் அங்கே சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. அச்சரணாலயத்துக்குள் பாம்பாறு உயரத்திலிருந்து விழும் இடத்துக்குத் தூவானம் என்று பெயர். மழை பெய்யும்போது காற்றில் சிதறித் திண்ணைக்குள் வந்து விழும் துளியை நம் வீடுகளில் தூவானம் என்றுதானே சொல்கிறோம்? அருவியின் திவலை முகத்தில் பட்டவுடன் வீட்டுத் திண்ணையை நினைத்தவர்கள் இட்ட பெயர் அது. சற்றுக் கீழே சின்னாறு வந்து பாம்பாற்றோடு கூடுகிறது. கூடும் இடத்துக்குக் கூட்டாறு என்று பெயர். மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து தேனாறு வருகிறது. பாம்பாறு, சின்னாறு, கூட்டாறு, தேனாறு, தலையாறு, தூவானம்: இவற்றுள் அகராதி பார்த்துப் பொருள் தெரியவேண்டிய சொல் ஒன்றாவது உண்டா? ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். பாம்புபோல் வளைந்து ஓடுவது பாம்பாறு. பெரியதைவிடச் சிறியது சின்னாறு. இப்பெயர்களை இட்டவர்கள் ஆட்சி செய்தவர்கள் அல்லர், ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தவர்கள். எந்த ஆற்றில் இறங்கலாம், எது வளைத்து அடிக்கும், எதன் நீரைக் குடிக்கலாம் என்பதைப் பின்னால் வருபவனுக்குச் சொல்லி வைக்கும் பெயர்கள் இவை.

இந்த வகைப் பெயர்களில் ஒரு சங்கடமும் உண்டு. வளைந்து ஓடும் ஆறெல்லாம் பாம்பாறுதானே! ஊத்தங்கரைப் பக்கம் தென்பெண்ணையில் சேரும் பாம்பாறு ஒன்று. புதுக்கோட்டைச் சீமை வழியே கீழைக்கடலுக்குப் போகும் பாம்பாறு ஒன்று. பீர்மேட்டுப் பக்கம் பாம்பனாறு என்றே ஓர் ஊர் உண்டு. சின்னாறுகளோ இன்னும் பல. தருமபுரியில் ஒன்று, பெரம்பலூரில் ஒன்று. பாலாறு என்றால் வேலூர்ப் பாலாறா, பழனிப் பாலாறா, ஆழியாற்றில் சேரும் பாலாறா என்று கேட்டுத்தான் மேலே பேசவேண்டும். பெயரிட்டவனுக்குத் தன் கரை மட்டுமே உலகம். அவனுக்கு அந்த ஓர் ஆறுதான் ஆறு. மற்றொன்றோடு குழப்பம் வரும் என்ற கவலை அவனுக்கு இல்லை. குழப்பம் பின்னால் வந்தது. நாட்டை அளந்து படம் எழுத வந்தார்களே, அப்போது வந்தது. திருவிதாங்கூரை 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரண்டு படை அதிகாரிகள் அளந்தனர். அளப்பவர் எந்தக் கரையில் நின்று யாரைக் கேட்கிறாரோ அவர் சொன்ன பெயரே படத்தில் ஏறும். ஏறிய பெயர் அச்சாகும். அச்சான பெயர் அரசாங்கப் பெயராகும். மற்றக் கரையார் சொல்லும் பெயர் அவர்கள் வாயோடு நின்றுவிடும்.

கூட்டாற்றைக் கடந்து மலை இறங்கிய பாம்பாறு, உடுமலைக்குத் தெற்கே 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்குள் புகுகிறது. அணையின் பெயர் அமராவதி. அங்கிருந்து மடத்துக்குளம், தாராபுரம் வழியாகக் கரூரை அடைந்து, அதற்குக் கிழக்கே திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. 90 அடி ஆழமும் நான்கு டி.எம்.சி. கொள்ளளவும் உடைய அந்த அணையை நம்பிச் சுமார் 55,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. மலையில் முதலில் இருந்த பெயர் மலையோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் எவரும் பாம்பாறு என்று சொல்வதில்லை.

இங்கேதான் நம் அன்பர்கள் சிலர்க்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறோம். நாம் இந்த நாட்டில் வந்து வாழ்கிறோம். இங்குள்ளோர் நம் ஊர்ப் பெயர்களையும் ஆற்றுப் பெயர்களையும் தம் மொழிக்கேற்ப மாற்றிவிட்டார்கள் என்று நாம் காலனித் திண்ணையில் உட்கார்ந்து குறைபட்டுக்கொள்வது உண்டு. அமராவதி இந்திரனுடைய தலைநகரத்தின் பெயர், வடசொல். பாம்பாறு தமிழ்ச்சொல். எந்தப் பக்கம் எந்தப் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! நமக்குத் தெரிந்த எளிய தமிழ்ப் பெயரைக் கேரள அரசாங்கம் தன் ஏடுகளில் இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. வடசொற் பெயரைச் சூட்டிக்கொண்டு மகிழ்ந்தவர்கள் நாம். பவானியும் இத்தகையதே. பதிற்றுப்பத்தில் வானி என்று ஓர் ஆறு வருகிறது. அதுவே இன்றைய பவானி என்பது அறிஞர் பலர் கருத்து. வானி பவானி அம்மன் ஆகிவிட்டாள். அட்டப்பாடி மலையில் வந்து சேரும் சிற்றாறு மட்டும் சிறுவாணி என்ற பெயரில் அந்தப் பழைய ஓசையை இன்னும் வைத்திருக்கிறது. கோயம்புத்தூரார் அதன் நீரைத்தான் குடித்துப் பெருமைப்படுகிறார்கள்.

அமராவதி என்னும் பெயரால் வரும் தொல்லை வேறு. அந்தப் பெயரில் ஆந்திரத்தில் ஒரு நகரம், மகாராட்டிரத்தில் ஒரு நகரம். அமராவதி என்று மட்டும் எழுதி ஒரு பார்சலை நம்மிடம் கொடுத்தால் அது மகாராட்டிரத்து அமராவதி நிலையத்துக்குத்தான் போகும், உடுமலைக்குப் போகாது.

அமராவதிக்கு முன் அந்த ஆற்றுக்கு என்ன பெயர்? ஆன்பொருநை என்பது சங்க நூல்கள் தரும் பெயர். ஆன்பொருந்தம் என்றும் சொல்வர். கரூர்க் கோயிலுக்கு ஆனிலை என்று பெயர் இருப்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஆன் என்றால் பசு. பழனிக்கு அருகே பொருந்தல் என்று ஓர் ஊரும் பொருந்தலாறு என்று ஓர் ஆறும் உண்டு. அவ்வாறு சண்முகநதியில் சேர்ந்து, சண்முகநதி அமராவதியில் சேர்கிறது. பொருந்தலும் பொருந்தமும் ஒரு வேரோ என்று எண்ணத் தோன்றுகிறது. எண்ணலாம், அடித்துச் சொல்லலாகாது. திருநெல்வேலியில் தாமிரபரணிக்கும் பொருநை என்றே பெயர் இருப்பதால், ஒலியை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது ஆபத்து.

இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு நம் நாட்டுப் புலவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடினார்கள் என்றால் இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்பது வழக்கு. வஞ்சி ஆன்பொருநைக் கரையில் இருந்தது. ஆன்பொருநை அமராவதியானால் வஞ்சி கரூர். சேரன் தலைநகர் இன்றைய தமிழ்நாட்டில். அன்று, பொருநை என்றது பெரியாற்றையே என்றால் வஞ்சி கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களம். சேரன் தலைநகர் இன்றைய கேரளத்தில். ரா. இராகவையங்கார் கரூர்க் கட்சி. 1937-இல் சேர மன்னரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய கே. ஜி. சேஷையர் திருவஞ்சைக்களக் கட்சி. ஓர் ஆற்றின் பெயரை யார் பக்கம் எழுதுவது என்பதில் ஓர் அரசனின் அரண்மனையே இடம் மாறுகிறது!

புறநானூற்று 36-ஆம் பாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோழன் கிள்ளிவளவன் நகரை முற்றுகையிட்டிருக்கிறான். பெண்கள் பொன்னாற் செய்த கழங்கை வைத்து விளையாடும் ஆன்பொருநை மணல் சிதைகிறது. காவல் மரங்கள் கோடரியால் வெட்டப்படுகின்றன. வெட்டும் ஓசை அரண்மனைக்குள்ளும் கேட்கிறது. உள்ளே இருக்கும் அரசன் வெளியே வரவில்லை. அத்தகையவனோடு போர் செய்வது உனக்கு நாணம் அல்லவா என்று ஆலத்தூர் கிழார் சோழனைக் கேட்கிறார். பாட்டுக்குள் ஆற்றின் பெயர் இருக்கிறது. கருவூர் முற்றுகை என்னும் செய்தியோ பாட்டின் கீழுள்ள குறிப்பில்தான் இருக்கிறது. குறிப்பு எழுதியவரை நம்புவோர்க்கு வழக்கு முடிந்தது, நம்பாதோர்க்கு முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் மலைவளம் காணச் சென்றபோது பேரியாற்றங்கரையில் தங்கினான் என்று வருவதை மறு கட்சியார் எடுத்துக் காட்டுவர்.

பாட்டு தீர்க்காததை மண் ஓரளவு தீர்த்தது. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் பாறையில் வெட்டிய பழந்தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. சேர மரபினராகிய இரும்பொறையார் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் அவற்றில் உள்ளன. துறவி ஒருவருக்குக் கல்லில் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி அது. அத்துறவியின் ஊர் யாற்றூர். கருவூர்ப் பொன்வணிகன் ஒருவனும் அம்மலையில் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்தே உரோமானிய நாணயங்களும், மாக்கோதை, கொல்லிரும்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் கிடைத்திருக்கின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் யவனரும் சேர மன்னனின் இருப்பிடமாகக் கரூரா என்று ஓர் உள்நாட்டு ஊரைக் குறிக்கிறார். ஆகவே ஆன்பொருநை அமராவதியே என்று நாம் கொள்கிறோம். இதனால் கேரளத்தார் சேரரை இழந்துவிட்டார் என்று யாரும் மகிழவேண்டியதில்லை, வருந்தவும் வேண்டியதில்லை. ஆன்பொருநை பிறப்பது இடுக்கி மலையில். கரூரில் மணலாய்க் கிடக்கிறது. மேற்கடற்கரையில் முசிறியும் அவர்களுடையதே. நடுவே இருந்த இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரு கடற்கரையும் ஓர் ஆற்றங்கரையும் ஒரே குடியின் ஆட்சியில் இருந்தன. நம் வண்டிகள் இன்று ஓடும் வழியே அன்று அவர்கள் வண்டிகளும் ஓடியிருக்கும்.

பழமையை விட்டு இக்காலத்துக்கு வருவோம். இங்கே வழக்கு புலவர்களோடு நில்லாமல் உழவர்களிடம் வந்துவிடுகிறது. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைக்கப்பட்டு 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு அளித்தது. கேரளத்துக்கு 30 டி.எம்.சி. என்று அதில் முடிவாயிற்று. கபனியில் 21, பவானியில் 6, பாம்பாற்றில் 3. உச்சநீதிமன்றம் 2018-இல் மற்ற மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இந்த 30-ஐ மாற்றவில்லை. தீர்ப்பிலும் பெயர் பாம்பாறு என்றுதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2014-இல் காந்தளூர்ப் பக்கம் பட்டிசேரியில் அணை கட்டும் வேலையைக் கேரளம் தொடங்கியபோது தமிழ்நாடு மறுப்புத் தெரிவித்தது. அப்போது வந்த செய்திகளை நாம் இரு மொழியிலும் படித்தோம். மலையாளத் தாள்களில் பாம்பாற்றில் தங்கள் பங்கைப் பயன்படுத்தும் சிறு அணை என்று செய்தி. தமிழ்த் தாள்களில் அமராவதிக்கு வரும் நீரைத் தடுக்கும் அணை என்று செய்தி. ஒன்றை மட்டும் படிப்பவர்க்கு மற்றதில் நடப்பது வேறு எங்கோ நடப்பதுபோல் இருக்கும். உடுமலை உழவரிடம் பாம்பாற்றில் மூன்று டி.எம்.சி. என்று சொன்னால் நமக்கென்ன என்பார். அது உம்முடைய அமராவதி ஐயா என்றால் எழுந்து நிற்பார். காந்தளூர் உழவரோ தம் தலைக்கு மேலே பிறந்து தம் நிலத்தைத் தொடாமல் ஓடிப்போகும் நீரைக் காலம் காலமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவரும் வீட்டில் தமிழ் பேசுபவர். இதில் தமிழன் ஒரு பக்கம், மலையாளி ஒரு பக்கம் என்று கோடு கிழிக்கமுடியாது. மேல்நாட்டு உழவனும் கீழ்நாட்டு உழவனும் என்றுதான் கிழிக்கமுடியும். அது உலகமெங்கும் உள்ள கோடு.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அவற்றுக்காக நடந்த போராட்டத்தை நம் மூத்தோர் அறிவர். தேவிகுளம் நம் பக்கம் வந்திருந்தால் ஆற்றுக்கு ஒரே பெயர் இருந்திருக்கும் என்று சென்ற விழாவின்போது ஒருவர் சொன்னார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லைக்கோடு வருவதற்கு முன்பே மலையார் ஒன்று சொன்னார்கள், சமவெளியார் ஒன்று சொன்னார்கள். அன்றைக்குப் பாலக்காடும் கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தனவே. அப்போதும் ஆழியாறு வேறு, சிற்றூர்ப்புழை வேறுதான். முழுதும் தமிழ்நாட்டுக்குள் ஓடும் பொருநைக்குத் தாமிரபரணி என்ற பெயர் வரவில்லையா? பெயர் கரைக்குக் கரை மாறும். இரு பெயர்களையும் ஒருசேர அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி, இருநாட்டுச் செய்தித்தாளையும் படித்து, கரூரில் பெண் எடுத்துக் காலனியில் பிள்ளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது கடினமான காரியம் அன்று. சங்க நூலகத்தில் மாட்டியிருக்கும் தேசப்படத்தில் கரூர் வரை செல்லும் அந்த நீலக்கோட்டின் மேற்கு முனையில், பாம்பாறு என்று எவரேனும் மையால் எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும். அதே கையோடு கீழ்முனையில் ஆன்பொருநை என்றும் எழுதலாம், இடம் இருக்கிறது.

கோடை விடுமுறையில் அங்கே போய்வர விரும்பும் குடும்பத்தார்க்கு வழியைச் சொல்லி அமர்கிறோம். பொள்ளாச்சி வரை வண்டி உண்டு. அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் பேருந்து. அணையைப் பார்க்க வேண்டுமானால் அமராவதி நகருக்குப் பிரிந்து போய் வரவேண்டும். முதலைப் பண்ணை ஒன்றும் அங்கே இருக்கிறது, பிள்ளைகள் மகிழ்வார்கள். சின்னாற்றில் சோதனைச் சாவடி. பேருந்து அங்கே நிற்கும்போது எல்லையில் நிற்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தூவானத்துக்கு நடந்து போக வனத்துறையார் ஆள் துணையோடு அழைத்துச் செல்கிறார்கள். யானை நடமாடும் இடமாதலால் தனியே இறங்கக்கூடாது. கோடையில் அருவி மெலிந்திருக்கும். தென்மேற்குப் பருவம் பிடித்த பிறகு, அதாவது ஜூலை, ஆகஸ்டில் போனால் பெயர்ப்பொருத்தம் முகத்தில் வந்து விழும். மறையூரில் கைப்பிடி அளவில் உருண்டையாகப் பிடித்த வெல்லம் கிடைக்கும். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதற்கான கரும்பு அந்தப் பள்ளத்தாக்கிலேயே விளைவது. கலப்பு வெல்லமும் அப்பெயரில் விற்பதாகச் சொல்வதால், காய்ச்சும் ஆலையிலேயே நின்று வாங்குவது நல்லது.